சிஸ்டர்கள் வளர்க்கும் பிள்ளைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எட்டு வருடமாக வாரத்தில் மூன்று நாள், தேவகோட்டைப் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போய் வருகிறேன். உடம்பு தேறாத பிள்ளைகளும் ஆதரவில்லாத பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். பஸ்ஸிலும் சந்தையிலும் கல்யாணப் பந்தியிலும் என்னிடம் திரும்பத் திரும்ப அதே கேள்விகள் வருவதால், கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். இல்லத்தின் பெயரையும் ஊரையும் வேண்டுமென்றே எழுதவில்லை. காரணம் போட்டோ பற்றிய கேள்வியில் வரும்.

"மிஷனரின்னா வெள்ளைக்காரங்கதானே? இவங்க எந்த ஊரு?"

ஒரு காலத்தில் அப்படித்தான். காவி உடுத்தி, மரக்கறி மட்டும் சாப்பிட்டு, மறவர் சீமையில் நடந்தே திரிந்த அருளானந்தர் போர்ச்சுக்கல்காரர். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவரைத் தலை வெட்டிக் கொன்றார்கள். சருகணியில் அடக்கமாகியிருக்கும் லெவே அடிகள் பிரான்ஸ் நாட்டவர். 1973இல் காலமானார். திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் 1901 முதல் பிள்ளைகளை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அயர்லாந்தில் பிறந்தவர். இந்தியாவுக்கு வந்தபிறகு 55 வருடம் ஒருமுறைகூட ஊர் திரும்பாமல் 1951இல் இங்கேயே இறந்தார். தனக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியை அங்கே வைத்து 'அம்மை' என்று மட்டும் பொறித்தார்கள்.

இப்போது நிலைமை வேறு. நான் போகும் இல்லத்தில் ஐந்து சிஸ்டர்கள். ஒருவர் நம் சிவகங்கை மாவட்டம், இருவர் கன்னியாகுமரி, ஒருவர் கேரளம், ஒருவர் ஜார்க்கண்ட். ஜார்க்கண்ட் சிஸ்டர் தமிழ் கற்றது முழுக்கப் பிள்ளைகளிடம்தான். மாவட்ட அதிகாரி ஒருவர் டீ வேண்டுமா என்று கேட்டபோது, "வேணாம் போ" என்று அன்பாகச் சொன்னவர் அவர்.

"அங்கே இருக்கிறது எல்லாமே அனாதைப் பிள்ளைங்களா?"

இல்லை. தாய் தகப்பன் இருவருமே இல்லாத பிள்ளைகள் குறைவு. தாய் இறந்து, தகப்பன் திருப்பூரிலோ கோயம்புத்தூரிலோ வேலையில் இருக்கும் பிள்ளை உண்டு. தாய்க்கு மனநலம் சரியில்லாத பிள்ளை உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, இரண்டு மூன்று மாதம் தேறும் வரை மட்டும் இருக்கும் பிள்ளையும் உண்டு. அதனால் அந்தப் பிள்ளைகளின் காதுபட "அனாதை" என்ற வார்த்தையைச் சொல்ல வேண்டாம். நாலு வயதுப் பிள்ளைக்கு அந்த வார்த்தை நன்றாகவே புரியும்.

ஏழைக் குடும்பத்துப் பிள்ளையை இல்லத்தில் விடுவதைவிட, அந்தக் குடும்பத்தைத் தாங்கிப் பிடிப்பது நல்லது என்றுதான் சட்டமும் சொல்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி கிடைக்கும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். இது தெரியாமலே பிள்ளையைக் கொண்டுவந்து விடுபவர்கள் இருக்கிறார்கள். சிஸ்டர்கள் முதலில் செய்வது அந்த மனுவை எழுதிக் கொடுப்பதுதான்.

"செட்டிநாட்டுல பெரிய பெரிய வீடா இருக்கு. இங்கே கூடவா பட்டினி?"

பெரிய வீடுகளில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடப்பது உங்களுக்கே தெரியும். அந்த வீடுகளைச் சுற்றி வாழ்கிறவர்களைப் பாருங்கள். கொத்து வேலை, செங்கல் சூளை, சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் வேலை. தாய் காலை ஆறு மணிக்குப் போனால் இருட்டித்தான் வருவாள். ஒன்பது வயது அக்கா கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்குத் தெரிந்தது டீயில் நனைத்த பிஸ்கட்டும் கஞ்சித் தண்ணியும்தான். வயிறு நிறைந்துவிடும், ஆனால் அதில் சத்து இருக்காது.

அப்புறம் வயிற்றுப்போக்கு. ஒருமுறை வந்தால் எடை இறங்கும். எடை இறங்கினால் அடுத்தது சீக்கிரம் வரும். நாலு முறை இப்படி வந்தால் போதும், ஒன்றரை வயதுப் பிள்ளை ஆறு மாதப் பிள்ளை மாதிரி ஆகிவிடும். வீட்டில் அரிசி இல்லாமல்தான் பிள்ளை மெலிகிறது என்று நினைக்காதீர்கள். ரேஷன் அரிசி பெரும்பாலான வீட்டில் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து ஊட்ட ஆள் இல்லை என்பதுதான் நான் அதிகம் பார்த்த காரணம்.

"எங்க அப்பத்தா சவலைப்பிள்ளைம்பாங்க. அதுவும் இதுவும் ஒண்ணா?"

அப்பத்தா சொன்னது மிகச் சரியான வார்த்தை. தாய் அடுத்த கர்ப்பம் தரித்து, கையிலிருக்கும் பிள்ளைக்குப் பால் நின்று, அது வாடிப் போவதைத்தான் சவலை பாய்ந்துவிட்டது என்பார்கள். 1930களில் சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டர் ஆப்பிரிக்காவில், இன்றைய கானா நாட்டில், இதே நோயை விவரித்து எழுதினார். அங்கே தாய்மார்கள் சொன்ன 'குவாஷியோர்கர்' என்ற பெயரையே வைத்தார். அடுத்த பிள்ளை பிறந்ததும் முந்தைய பிள்ளைக்கு வரும் நோய் என்பதுதான் அந்த வார்த்தைக்கும் அர்த்தம். கடலுக்கு அந்தப்பக்கம் இருந்த தாய்மாரும் நம் அப்பத்தாக்களும் ஒரே விஷயத்தைக் கவனித்திருக்கிறார்கள்.

இன்று அளவு வைத்துப் பார்க்கிறோம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளையின் இடது மேல்கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், அளவு நாடாவைச் சுற்றுவோம். 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் எச்சரிக்கை. 11.5க்குக் கீழே இருந்தால் கடுமையான ஊட்டக்குறைவு. உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அங்கன்வாடியிலேயே இதைச் செய்வார்கள்.

"கன்னம் உப்பி, கால் குண்டா இருக்கே. இந்தப் பிள்ளைக்கா சத்துக் குறைவு?"

இந்தக் கேள்விக்குத் தயவுசெய்து நேரம் கொடுத்துப் படியுங்கள். அது சதை இல்லை, நீர். பிள்ளையின் இரண்டு பாதத்தின் மேலும் கட்டைவிரலை வைத்து, மெதுவாக மூன்று எண்ணும் வரை அழுத்தி எடுங்கள். மாவில் விரல் பதித்தது போல் குழி அப்படியே நின்றால், அது வீக்கம். முடி செம்பட்டையாகி, இழுத்தால் கையோடு வரும். பிள்ளை சிடுசிடு என்று இருக்கும், அல்லது எதையும் கவனிக்காமல் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்.

மேலே சொன்ன கை அளவு சரியாக இருந்தாலும், இரண்டு காலிலும் இப்படிக் குழி விழுந்தால் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வைத்தியம் தொடங்கியதும் நீர் வடிந்து முதல் வாரம் எடை குறையும். அதைப் பார்த்து, வந்ததைவிட இளைத்துவிட்டான் என்று பயந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போன தாய்மாரை எனக்குத் தெரியும். அந்தக் குறைவு நல்ல அடையாளம்.

"காலையில எழுந்ததுல இருந்து அவங்க என்னதான் பண்ணுவாங்க?"

நாலரைக்கு எழுவார்கள். ஜெபம் முடிந்ததும் ஐந்தரைக்கு முதல் வேலை பிள்ளைகளின் உடம்பு வெப்பம் பார்ப்பது. இல்லம் ஒரு பழைய வீட்டில் நடக்கிறது. நடு முற்றம், சுற்றிலும் பட்டாலை என்கிற உயரமான திண்ணை, கீழே ஆத்தங்குடிக் கல். சித்திரை வெயிலில் அந்தத் தரை நமக்குச் சுகம், மெலிந்த பிள்ளைக்கு அதுவே ஆபத்து. உடம்பில் கொழுப்பு இல்லாத பிள்ளை விடியற்காலையில் சட்டென்று குளிர்ந்துவிடும். அக்குளில் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால், ஒரு சிஸ்டர் அந்தப் பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, சேலையால் சேர்த்துச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அந்தச் சூட்டை எந்த ஹீட்டரும் தராது. மார்கழியில் மூன்று சிஸ்டர்கள் வரிசையாக இப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆறு மணிக்கு எடை. துணி இல்லாமல், சாப்பிடுமுன், தினமும் அதே மெஷினில். நோட்டில் எழுதும்போது சத்தமாகச் சொல்வார்கள்: "அஞ்சு கிலோ நானூத்தி அறுவது." நேற்றைவிட ஐம்பது கிராம் கூடியிருந்தால் சமையல்கட்டிலிருந்து கைதட்டல் கேட்கும். அப்புறம் ஊட்டுவது, துடைப்பது, துணி மாற்றுவது, மறுபடி ஊட்டுவது. மருந்து. துணி துவைப்பது மட்டும் ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் என்று சொல்லலாம். மழை பெய்தால் முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கொடி கட்டி, வீடே சலவைக்காரர் வீடு மாதிரி இருக்கும். பத்து மணிக்கு விளையாட்டு. பெரிய பிள்ளைகள் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் போய்விடுவார்கள். மதியம் அலுவலக வேலை, மனு, பதிவேடு, ஆய்வுக்கு வருபவர்கள். இரவில் முறை வைத்து இருவர் விழித்திருப்பார்கள்.

பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்தால் கூட இருக்க ஆள் வேண்டும். அந்த ஆளும் ஒரு சிஸ்டர்தான். வார்டில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து ஊட்டுவார்.

"மெலிஞ்ச பிள்ளைதானே, நல்லா வயிறு நிறையச் சாப்பாடு போட்டா தேறிடாதா?"

தேறாது. உயிரே போகலாம். பல நாள் பட்டினி கிடந்த உடம்பு எல்லாவற்றையும் குறைத்து ஓட்டிக்கொண்டிருக்கும். இதயம், ஈரல், சிறுநீரகம் எல்லாமே மெதுவாகத்தான் வேலை செய்யும். திடீரென்று நிறைய உணவு உள்ளே போனால் ரத்தத்தில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் சரசரவென்று இறங்கும், இதயம் தாங்காது. அதனால் ஆஸ்பத்திரியில் முதல் சில நாள் கொடுப்பது எஃப்-75 என்ற மெல்லிய பால். 100 மில்லியில் 75 கலோரிதான். ஒரு லிட்டர் தயாரிக்கப் பசும்பால் 300 மில்லிதான் சேரும். மீதி சீனி, எண்ணெய், தாது உப்புக் கரைசல், தண்ணீர். ஐந்து கிலோ பிள்ளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சுமார் 55 மில்லி. டீக்கடை கிளாஸில் பாதிதான் வரும். ராத்திரியிலும் விடக்கூடாது, விட்டால் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும்.

பசி திரும்பி, வீக்கம் வடியத் தொடங்கியதும் எஃப்-100. இது 100 மில்லிக்கு 100 கலோரி. அதற்குப் பிறகு நம் வீட்டுச் சாப்பாடு. அந்தக் கட்டத்தில் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 10 கிராமுக்கு மேல் ஏறினால் நல்ல முன்னேற்றம். வயிற்றுப்போக்கு வந்தால் கடையில் கிடைக்கும் சாதாரண உப்புச் சர்க்கரைக் கரைசலைக்கூட இந்தப் பிள்ளைகளுக்கு நாமாகக் கொடுக்கக்கூடாது. அதில் இவர்களுக்கு உப்பு அதிகம், டாக்டர் வேறு கரைசல் தருவார். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் எஃப்-75 கலக்க வேண்டாம். அளவு பிசகினால் கெடுதல்.

"பிள்ளை இன்னும் வேணும்னு அழுதாக்கூடக் குடுக்கக் கூடாதா? மனசு எப்படி வரும்?"

மனசு வராது. எனக்கும் வரவில்லை. இருபது வருடத்துக்கு மேல் நர்ஸ் வேலை பார்த்தவள் நான். ஆனாலும் முதல் மாதத்தில், டம்ளரைப் பிடித்துக்கொண்டு விடாத ஒரு பிள்ளைக்கு யாருக்கும் தெரியாமல் இன்னொரு பங்கு கொடுத்துவிட்டேன். அரை மணியில் எல்லாவற்றையும் கக்கி, ராத்திரி முழுக்க வயிற்றுப்போக்கு. அந்தத் தவறு முழுக்க என்னுடையது. பெரிய சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. அன்று இரவுமுறையில் என்னையும் உட்கார வைத்தார். இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் அந்தப் பிள்ளைக்குச் சொட்டுச் சொட்டாக நான்தான் ஊட்டினேன்.

அழுகிற பிள்ளைக்கு, அடுத்த வேளை கட்டாயம் வரும் என்று தெரியவேண்டும். அது தெரிய நாலைந்து நாளாகும். ஒரு மூன்று வயதுப் பெண் குழந்தை தினமும் அரை இட்லியைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்தாள். எறும்பு சாரை வந்துதான் கண்டுபிடித்தோம். சிஸ்டர் அதைப் பிடுங்கவில்லை. மூடி போட்ட ஒரு டப்பாவைக் கொடுத்து, "இதுல வச்சுக்கோ, எறும்பு வராது" என்றார். மூன்றாவது வாரம் டப்பா காலியாகவே இருந்தது. அப்புறம் அதில் கூழாங்கல் போட்டு விளையாட ஆரம்பித்தாள்.

"பால் பாட்டிலே கண்ணுல படலையே. பச்சப்பிள்ளைக்கு எப்படிக் குடுப்பாங்க?"

பாலாடையில்தான், அதாவது பால் புகட்டும் சங்கில். பாட்டிலின் ரப்பருக்குள் அழுக்குத் தங்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பிள்ளைக்கு அதுவே அடுத்த வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். பாலாடையைக் கொதிநீரில் போட்டு எடுத்தால் போதும், ஒளிந்துகொள்ள இடுக்கே இல்லை. கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு டம்ளர்.

காரைக்குடி ஆச்சி ஒருவர், தன் பிள்ளைகள் ஐந்து பேருக்கும் பால் புகட்டிய வெள்ளிச் சங்கைக் கொண்டுவந்து கொடுத்தார். ஓரம் தேய்ந்து, முனை ஒரு பக்கம் லேசாக வளைந்திருக்கும். அந்த வளைவு பிள்ளையின் உதட்டோரத்தில் அப்படியே பொருந்துகிறது. தினமும் அதுதான் முதலில் கழுவிவைக்கப்படும்.

"டானிக், இரும்புச் சத்து மருந்து வாங்கித் தரலாமா?"

வேண்டாம். இரும்புச் சத்து முதல் கட்டத்தில் கொடுக்கவே கூடாது, தொற்று மோசமாகும். பசி திரும்பி எடை ஏறத் தொடங்கியபிறகு டாக்டர் சொல்வார்.

"சும்மா தூக்கித் தூக்கி வச்சா பிள்ளை கெட்டுப் போயிராதா?"

வீட்டில் பாட்டி தாத்தா மடியில் வளரும் பிள்ளைக்குச் சொல்கிற பேச்சு இது. இங்கே வரும் பிள்ளைகளில் சிலர் அழவே மாட்டார்கள். புதிதாக வருபவர்கள், "எவ்வளவு சமர்த்து!" என்பார்கள். அது சமர்த்து இல்லை. அழுது அழுது யாரும் வராததால் அழுகையை விட்டுவிட்ட பிள்ளை அது. 1940களிலேயே ரெனே ஸ்பிட்ஸ் என்ற மருத்துவர், நிறுவனங்களில் வளரும் குழந்தைகள் உணவும் சுத்தமும் கிடைத்தும் தேறாமல் போவதைப் பற்றி எழுதினார். தூக்கிப் பேச ஆள் இல்லாததுதான் காரணம் என்றார். இன்று உலக சுகாதார நிறுவனம் இந்த வைத்தியத்துக்குச் சொல்லும் பத்துப் படிகளில், அன்பும் விளையாட்டும் ஒரு படி.

அதனால் பத்து மணி விளையாட்டு நேரத்தை ஊட்டும் நேரம் போலவே காப்பாற்றுகிறார்கள். கொட்டாங்கச்சி, காலி டப்பாவில் புளியங்கொட்டை, துணிப் பொம்மை, சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு. பிள்ளை முதன்முதலில் வாய்விட்டு அழுகிற அன்று சிஸ்டர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுச் சொல்வார்கள். நானும் அந்த அழுகைக்குக் காத்திருந்திருக்கிறேன்.

"அறுபதாம் கல்யாணம் வருது. பிள்ளைங்களுக்கு வடை பாயசத்தோட விருந்து போடலாமா?"

நல்ல மனதோடு கேட்கிறீர்கள், அதனால் நேராகவே சொல்கிறேன். தேறிய பிள்ளைகளுக்குப் போடலாம், முன்கூட்டியே சிஸ்டரிடம் கேட்டு, அளவாக. புதிதாக வந்த பிள்ளைக்கு ஒரு லட்டுகூட ஆபத்து என்பது மேலே சொன்ன பதிலிலிருந்தே புரிந்திருக்கும். ஒருமுறை விருந்து கொண்டுவந்த குடும்பத்தினர், "ஒண்ணுதானே" என்று கையில் கொடுத்த இனிப்பால் ஒரு பிள்ளையை மறுபடி வார்டில் சேர்க்க வேண்டியதாயிற்று. அவர்கள் அழுதார்கள். தெரியாமல் செய்ததுதான்.

ஒரு நாள் விருந்தைவிட, அதே பணத்தில் ஒரு மாதத்துக்கு முட்டையும் கடலைப் பருப்பும் நல்லெண்ணெயும் வாங்கிக் கொடுத்தால் பயன் அதிகம். ஒரு குடும்பம் ஒவ்வொரு ஆடியிலும் கும்மாய மாவு திரித்துக் கொடுக்கிறது. உளுந்து, பாசிப்பருப்பு, பச்சரிசி வறுத்து அரைத்த மாவு. கருப்பட்டியும் நெய்யும் சேர்த்துக் கிண்டினால் ஒரு சின்னக் கிண்ணத்திலேயே நல்ல சத்து. தேறும் கட்டத்துப் பிள்ளைக்கு நம் ஊரில் இதைவிடப் பொருத்தமான பலகாரம் எனக்குத் தெரியவில்லை. பிறந்தநாள் கேக் வெட்டிப் பிள்ளைகளைச் சுற்றி நிறுத்திக் கைதட்ட வைப்பது எனக்குப் பிடிக்காது. அவர்கள் பிறந்தநாள் என்றைக்கு என்று அவர்களுக்குத் தெரியாது.

"ஒரு போட்டோ எடுத்துக்கிறேன், ஸ்டேட்டஸ்ல போட்டா நாலு பேர் உதவுவாங்கல்ல?"

கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவு, பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், படம், முகவரி, பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடத் தடை விதிக்கிறது. சட்டத்தை விடுங்கள், எலும்பும் தோலுமாக இருந்த படம் இருபது வயதில் கல்யாணப் பேச்சு நடக்கும்போது வெளியே வந்தால் எப்படி இருக்கும்? இல்லத்தின் பெயரை நான் எழுதாததும் இதனால்தான்.

"பணமாக் குடுத்தா ஒழுங்கா செலவாகுமான்னு எப்படித் தெரியும்?"

ரசீது கேளுங்கள். நன்கொடைக்கு வருமான வரிக்கழிவு தரும் பதிவு (80ஜி என்பார்கள்) இருக்கிறதா என்று கேளுங்கள். வரிக்கழிவு வேண்டுமானால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். இளைஞர் நீதிச் சட்டத்தில் இல்லம் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பதிவில்லாத இல்லத்துக்கு எவ்வளவு நல்ல பெயர் இருந்தாலும் கொடுக்காதீர்கள். பழைய துணி கொடுப்பதானால் துவைத்து, பட்டன் தைத்துக் கொடுங்கள்.

"மதம் மாத்துறதுக்குத்தானே இதெல்லாம்?"

அடுத்தவர் காதில் விழாமல் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். முதல் கேள்வியில் சொன்ன பழைய மிஷனரிகள் தங்கள் மதத்தைச் சொல்லத்தான் வந்தார்கள், அதை அவர்களே மறைக்கவில்லை. இன்றைய இல்லம், அரசு அமைத்த குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவில் பிள்ளையை வைத்திருக்கிறது. பதிவேட்டில் பிள்ளையின் பெயரும் குடும்பத்தின் மதமும் இருக்கின்றன. ஆய்வுக்கு வருகிறவர்கள் பிள்ளைகளிடம் தனியாகப் பேசுகிறார்கள்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். நான் தினமும் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவள், திருநீறு பூசிக்கொண்டுதான் உள்ளே போகிறேன். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. சிஸ்டர்கள் ஜெபிக்கும்போது பிள்ளைகள் கேட்கிறார்கள், பாட்டுகள் அவர்களுக்கு மனப்பாடம். அது இல்லை என்று சொல்லமாட்டேன். பொங்கலுக்கு முற்றத்தில் பானை வைக்கிறார்கள், தீபாவளிக்குப் புதுத்துணி உண்டு. முருகன் என்று பெயரோடு வந்த பிள்ளை முருகனாகவே வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறான். வேறு இடத்தில் வேறு மாதிரி நடந்தால், முணுமுணுக்காமல் குழந்தைகள் நலக் குழுவிடம் எழுதிக் கொடுங்கள். அதற்குத்தான் அந்தக் குழு.

"கோயில் வாசல்ல ஒரு பிள்ளை கிடந்துச்சுன்னா நேரா சிஸ்டருங்ககிட்டக் கொண்டு போய்க் குடுத்துரலாமா?"

முதலில் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் பண்ணுங்கள், அல்லது போலீஸுக்கு. பிள்ளை சோர்ந்திருந்தால் நேராக ஆஸ்பத்திரி. 24 மணி நேரத்துக்குள் பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். சிஸ்டர்களிடமே கொடுத்தாலும் அவர்கள் செய்வதும் இதுதான். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம்.

பிள்ளையை வளர்க்க முடியாத தாய் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், பிள்ளையை அரசிடம் ஒப்படைக்க உதவும் தொட்டில் குழந்தைத் திட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள். 1992இல் சேலத்தில் தொடங்கியது. சட்டப்படி ஒப்படைக்கும் தாய்க்கு, மனம் மாறினால் பிள்ளையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள 60 நாள் அவகாசம் உண்டு. இதைச் சொன்னதும், பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பிப் போன பெண்ணைப் பார்த்திருக்கிறேன்.

"எங்கள்ல பிள்ளை கூட்டிக்கிற வழக்கம் உண்டு. சிஸ்டர்கிட்டச் சொல்லி ஒரு பிள்ளையைக் கூட்டிக்கலாமா?"

பக்கத்து வளவு ஆச்சி கேட்டது. நகரத்தார் வீடுகளில் பங்காளிகளுக்குள் முறையாகப் பிள்ளை கூட்டுவதை, அதாவது தத்தெடுப்பதை, நான் மரியாதையோடுதான் பார்க்கிறேன். ஆனால் இல்லத்துப் பிள்ளைக்கு வழி வேறு. சிஸ்டருக்குப் பிள்ளை கொடுக்கும் அதிகாரம் கிடையாது. மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். வரிசைப்படிதான் வரும். வருடக்கணக்கில் காத்திருக்க நேரும். கைவிடப்பட்ட பிள்ளையின் பெற்றோரைத் தேடிப் பார்த்துவிட்டு, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இரண்டு மாதத்திலும், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாலு மாதத்திலும் தத்துக்கு உரியது என்று குழு அறிவிக்கும். 2022 செப்டம்பர் முதல் இறுதி ஆணை கலெக்டர் தருகிறார்.

"ஆஸ்பத்திரி ஆயாகிட்டச் சொன்னா சீக்கிரம் கிடைக்கும்" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அது பிள்ளை விற்பனை.

"எவ்வளவு பார்த்தும் பிள்ளை இறந்துபோனா?"

இறந்திருக்கிறார்கள். எட்டு வருடத்தில் மூன்று பிள்ளைகளை நான் பார்த்தேன். மூவரும் மிகத் தாமதமாக வந்தவர்கள். குளிப்பாட்டி, பவுடர் போட்டு, இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போடுவார்கள். போலீஸ், ஆஸ்பத்திரி, குழு என்று சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்வார்கள். குடும்பம் இருந்தால் அவர்கள் வழக்கப்படி.

ஒருநாள் அடக்கம் முடிந்து திரும்பியபோது இரண்டு மணி. அது ஊட்டும் நேரம். சிஸ்டர்களுக்குத் தலைவியான மதர் கால் கழுவிவிட்டு நேராக வந்து பாலாடையை எடுத்தார். ஊட்டி முடிக்கும் வரை கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, கை நடுங்கவில்லை. மடியில் இருந்த பிள்ளை அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே குடித்தது.

"சிஸ்டருங்களை மாத்திடுறாங்களாமே. பிள்ளைங்க ஏங்காதா?"

ஏங்கும். சில வருடத்துக்கு ஒருமுறை சபை அவர்களை வேறு ஊருக்கு அனுப்புகிறது. அது அவர்கள் ஏற்றுக்கொண்ட கீழ்ப்படிதல், அதைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் கைக்குழந்தைகளைப் பார்க்கும் சிஸ்டரை மாற்றும்போது, புதியவர் வந்து இரண்டு மாதமாவது சேர்ந்து இருக்க வேண்டும் என்பது என் கருத்து. மதரிடமும் சொல்லியிருக்கிறேன். தூக்குவதைப் பற்றிச் சொன்னேனே, அதே கைதான் தூக்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம்.

தத்துப் போகும்போது மட்டும் இதை அழகாகச் செய்கிறார்கள். புதுப் பெற்றோர் முதலில் வந்து சிஸ்டரின் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுவார்கள், அப்புறம் அவர்களே ஊட்டுவார்கள். போகும்போது பிள்ளை போர்த்திப் படுத்த பழைய சேலைத் துணியைத் துவைக்காமல் கொடுத்தனுப்புவார்கள். புது வீட்டில் முதல் ராத்திரி தூங்க அந்த வாசனை வேண்டும்.

"தேறினதும் வீட்டுக்கு அனுப்பிடுறாங்களே, மறுபடியும் இளைச்சுப் போயிட்டா?"

அந்தப் பயம் சிஸ்டர்களுக்கும் உண்டு. அதனால் அனுப்புவதற்கு முன் தாயோ பாட்டியோ பத்து நாள் இல்லத்திலேயே தங்கிச் சமைக்கப் பழகுகிறார்கள். கேழ்வரகுக் கஞ்சியில் பொட்டுக்கடலை மாவு, ஒரு கரண்டி எண்ணெய். பருப்பு மசித்த சாதம். வேலைக்குப் போனாலும் ஒரு நாளைக்கு ஐந்து வேளைக்கு யார் ஊட்டுவது என்று பெயர் சொல்லி முடிவு செய்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அங்கன்வாடி அம்மாவுக்கும் சொல்லிவிடுவார்கள். அப்புறம் ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம், அதன்பின் மாதாமாதம் என்று ஆறு மாதம் எடை பார்ப்பது.

போன மாதம் அப்படி ஒரு பையன் வந்தான். ஐந்தரைக் கிலோவில் வந்து, மூன்று மாதம் ஜார்க்கண்ட் சிஸ்டரின் இடுப்பை விட்டு இறங்காதவன். சிஸ்டர் ஓடிப்போய்க் கை நீட்டியதும், தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு "போ" என்றான். தாய்க்குச் சங்கடமாகிவிட்டது. சிஸ்டர் சிரித்துக்கொண்டே மெஷினைத் துடைத்தார். எட்டுக் கிலோ எழுநூறு. நோட்டில் எழுதிவிட்டு, அங்கன்வாடியில் முட்டை சாப்பிடுகிறானா என்று கேட்டார். மஞ்சக்கருவை மட்டும் தின்றுவிட்டு வெள்ளையை நாய்க்குப் போடுகிறான் என்றாள் தாய். வெள்ளையை மசித்துச் சாதத்தில் கலந்து ஊட்டச் சொல்லி, அடுத்த மாதம் பத்தாம் தேதி வரச் சொல்லி அனுப்பினார்கள்.